காதால் படித்தவள்

எனக்கு வாய் ஜாஸ்தி. ஒத்துக்கறேன். கம்பெனியில சூப்பர்வைசர் சொல்லியிருக்காரு, மாமியார் சொல்லியிருக்காங்க, என் வீட்டுக்காரர் தெனமும் சொல்றாரு. ஆனா காலையில ட்ரெயின்ல எங்க பெட்டியில மட்டும் அந்த வாய்க்குத் தனி மவுசு. நான் ரெண்டு நாள் லீவு போட்டா, "இன்னா மேடம், நீங்க இல்லாம ஒரு வார்த்தை கூட விழல"ன்னு புலம்புவாங்க. அதைக் கேக்கறதுக்காகவே லீவு போடலாம்போல இருக்கும்.

நான் ஏறுறது ஊரிகத்துல. மாரிகுப்பத்துல கெளம்பற முதல் வண்டி, விடியறதுக்கு முன்னாடியே வந்துடும். இறங்குறது ஒயிட்ஃபீல்டு. அங்க ஒரு ஸ்விட்ச் போர்டு கம்பெனியில எனக்குக் குவாலிட்டி செக்கிங் வேலை. போகவர தெனமும் நாலு மணி நேரத்துக்கு மேல ட்ரெயின்லதான் குடித்தனம். எங்க சீட்டுல ஏழெட்டுப் பேர் ஒரு கும்பல். ஜன்னலோரம் பேங்க்ல வேலை செய்யற சார். அவருக்கு எதிர்ல நான். எனக்குப் பக்கத்துல, பெங்களூர்ல ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கற பொண்ணு. அவளும் நானும் ஒரே சபைக்குப் போறவங்க. என்னை அக்கான்னுதான் கூப்பிடுவா.

பங்காரப்பேட்டையில வண்டி நின்னதும் பேங்க் சார் குதிச்சு எறங்கித் தமிழ் பேப்பர் வாங்கிக்கினு வருவாரு. அரசியல், சினிமா, கொலை, கொள்ளை எதுவும் எங்களுக்கு வேணாம். நேரா எட்டாம் பக்கம். அங்க ஒரு மூலையில எழுத்தைக் குலைச்சுப் போட்ட அஞ்சு வார்த்தை இருக்கும். ஒவ்வொண்ணையும் சரியா அடுக்கணும். அதுல வட்டம் போட்ட எழுத்தை மட்டும் பொறுக்கி எடுத்தா கடைசியா இன்னொரு வார்த்தை வரும். எல்லாம் ஒயிட்ஃபீல்டு வர்றதுக்குள்ள முடிஞ்சாகணும், ஏன்னா அங்க பாதிப் பேர் எறங்கிடுவோம்.

எட்டுப் பேருக்கு ஒரு பேப்பர். எல்லாரும் எட்டிப் பாத்தா சாருக்கு மூச்சு முட்டும். அதனால அவரு எழுத்தை ஒண்ணொண்ணா சத்தமாப் படிப்பாரு, நாங்க கேட்டுக்கினு சொல்லணும். இதுதான் எங்க பெட்டி வழக்கம். முதல் வார்த்தை வந்தா முதல் லெவல், ரெண்டாவது வந்தா ரெண்டாவது லெவல். கடைசி வார்த்தையும் வந்துட்டா யாராவது ஒருத்தர் "கேஜ் ஏறிடுச்சு!"ன்னு கத்துவாங்க. கேஜுன்னா எங்க ஊர் தங்க மைன்ல ஆளுங்களை ஏத்தி எறக்கற இரும்புக் கூண்டு. எங்க எல்லாரோட அப்பாவோ தாத்தாவோ அதுல ஏறி எறங்குனவங்கதான். மைன் மூடிட்டாங்க, வார்த்தை மட்டும் எங்க வாயில இன்னும் ஷிஃப்டு பாக்குது.

சார் படிப்பாரு: "ணா, சு, பு, ம், ண்."

அவரு வாயை மூடறதுக்குள்ள நான் "சுண்ணாம்பு!"

"ப், பா, தா, ள், ழ்."

"தாழ்ப்பாள்!"

பேனா மூடியைத் தொறக்கறதுக்குள்ள பதில் வந்துடும். "மண்டைக்குள்ள அகராதியே வெச்சிக்கினு இருக்கீங்க மேடம்"னு சார் சொல்லுவாரு. நர்ஸ் பொண்ணு பெருமையா என் தோள்ல தட்டுவா, என்னமோ அவதான் என்னைப் பெத்து வளத்த மாதிரி. நானும் ரொம்பத்தான் அலட்டிக்குவேன். புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கினு ஜன்னல் பக்கம் திரும்பி, இதெல்லாம் ஒரு விஷயமா-ன்னு ஒரு பார்வை.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

பேசத் தெரியும், திட்டத் தெரியும், பாடத் தெரியும். ஆனா எழுத்து ஒண்ணு கூடத் தெரியாது. எங்கப்பா நந்திதுர்க் மைன்ல வேலை செஞ்சவரு. கவர்மெண்ட் வேலை கெடைக்கும்னு என்னைக் கன்னட மீடியத்துல போட்டுட்டாரு. கன்னடம் சரளமாப் படிப்பேன், இங்கிலீஷ் படிப்பேன். வீட்டுல பேசற தமிழ் மட்டும் காது வழியா வந்து வாய் வழியாப் போச்சு, கண்ணு பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. கவர்மெண்ட் வேலையும் வரல.

கல்யாணம் ஆகி இந்த சபைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். தமிழ் ஆராதனை, தமிழ் பைபிள், தமிழ் பாட்டுப் புஸ்தகம். எல்லாரும் தொறந்தா நானும் தொறப்பேன். பக்கத்துல இருக்கறவங்க பக்கம் திருப்பினா நானும் திருப்புவேன். பாட்டெல்லாம் மனப்பாடம். ஆராதனையில வேத வாக்கியம் வாசிக்கச் சொல்லி லிஸ்டுல என் பேரைப் போட வந்தா அந்த வாரம் எனக்குத் தொண்டை கட்டிக்கும். இல்ல ஊர்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லாமப் போயிடும். பாவம், எங்க சொந்தக்காரங்களை நான் எத்தினி தடவை ஆஸ்பத்திரியில சேத்திருக்கேன்னு அவங்களுக்கே தெரியாது.

இதைத் தெரிஞ்ச ஒரே ஆள் என் வீட்டுக்காரர். அவரு தமிழ் மீடியம். அவங்கப்பா குடியாத்தம் பக்கத்துலருந்து இங்க பெரிய ஃபாக்டரிக்கு வேலைக்கு வந்தவரு. இவரும் அதே ஃபாக்டரியிலதான், ஸ்டோர்ஸ் செக்ஷன். தமிழ் பேப்பர், தமிழ் நாவல், மளிகைக் கடையில மடிச்சுக் குடுக்கற காயிதம் வரைக்கும் விடமாட்டாரு. ஒரு பார்வையில ஒரு பக்கம் முடிஞ்சிடும். என்னைப் பாத்துச் சிரிப்பாரு. "பேசறது தமிழு, படிக்கறது கன்னடா, திட்டறதுக்கு மட்டும் ரெண்டும்." நான் விடுவேனா? ரெண்டுலயும் திட்டுவேன்.

அப்பறம் எப்படி ட்ரெயின்ல எல்லாருக்கும் முந்தி சொன்னேன்னு கேப்பீங்க. காதுதான். படிக்கத் தெரிஞ்சவங்க சபையில பிரசங்கம் நடக்கும்போது கண்ணால புஸ்தகத்தை மேஞ்சுட்டுத் தூங்கிடுவாங்க. என்னால தூங்க முடியாது. எல்லாத்தையும் கேட்டே புடிச்சாகணும். ரேடியோ நியூஸ், பிரசங்கம், மேடைப் பேச்சு, எது வந்தாலும் காதைத் தீட்டி வெச்சிக்குவேன். சார் "ண்"னு சொன்னதும் எனக்கு எழுத்து வராது, சத்தம் வரும். அந்தச் சத்தம் எந்தச் சத்தத்துக்குப் பக்கத்துல போய் உக்காரும்னு காதுக்குத் தெரியும். அவ்ளோதான் வித்தை.

எல்லாம் நல்லாத்தான் போய்க்கினு இருந்துச்சு. நர்ஸ் பொண்ணு கெடுத்தா.

எங்க சபையில வருஷா வருஷம் அறுவடைக்கு நன்றி சொல்ற அறுப்பின் பண்டிகை நடக்கும். காலையில ஆராதனை, மத்தியானம் சாப்பாடு, அப்பறம் ஹால்ல விளையாட்டுப் போட்டி. அதுல ஒண்ணு, குலைச்ச எழுத்தைச் சேக்கற போட்டி. ட்ரெயின்ல விளையாடற அதேதான். ஆனா அங்க யாரும் படிச்சுச் சொல்ல மாட்டாங்க. ஒரு அட்டைக்கு ஒரு எழுத்துன்னு பெருசா எழுதி, கயிறு கட்டித் துணி கிளிப்புல மாட்டி வெச்சுடுவாங்க. பாத்துச் சொல்லணும். அஞ்சு வருஷமா அதுல ஜெயிக்கறது யாரு? என் வீட்டுக்காரர். எங்க வீட்டு அலமாரியில அவரு ஜெயிச்ச எவர்சில்வர் பாத்திரம் வரிசையா நிக்குது. தொடைக்கறது நான்.

ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் மாதர் சங்கச் செயலாளர் அம்மா மைக்ல போட்டிக்குப் பேர் குடுத்தவங்க லிஸ்டைப் படிச்சாங்க. நாலாவது பேரு என்னோடது. திரும்பிப் பாத்தா நர்ஸ் பொண்ணு பின் பெஞ்சுலருந்து கட்டை வெரலைத் தூக்கிக் காட்டிக்கினு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கறா. பக்கத்துல இருந்தவங்க எல்லாம், "இன்னாம்மா, புருஷனை எதுத்தா? ட்ரெயின்ல நீதான் ராணியாமே!"ன்னு கையைப் புடிச்சுக் குலுக்கறாங்க. நான் எல்லாருக்கும் ஈன்னு இளிச்சேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள என் வீட்டுக்காரர் ஆரம்பிச்சாரு.

"ஒனக்கு இன்னா பைத்தியமா? பேர் குடுத்திருக்கே?"

"நான் குடுக்கலிங்க. அந்தப் பொண்ணு குடுத்துட்டா."

"அப்ப நாளைக்கே போயி வாபஸ் வாங்கு. ஒடம்பு சரியில்லன்னு சொல்லு. அத்தினி பேர் முன்னாடி நின்னு அட்டையைப் பாத்து முழிச்சேன்னா மானம் போய்டும். இருபத்திரண்டு வருஷமா பைபிளை வெச்சிக்கினு நடிச்சேன்னு ஊரே சிரிக்கும். ஒனக்குத் தேவையா இது?"

அவரு சொன்னது ஒவ்வொண்ணும் உண்மை. எனக்காகத்தான் பயந்தாரு, அதுவும் தெரியும். சரிங்கன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஆனா கடைசியா ஒரு வார்த்தை சேத்தாரு பாருங்க.

"வேணும்னா அடுத்த வருஷத்துக்குள்ள நான் அ, ஆ சொல்லித் தர்றேன்."

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. அடுத்த வருஷமா? ட்ரெயின்ல பேங்க் ஆபீசரே என் வாயைப் பாத்துக்கினு உக்காந்திருக்காரு, இவரு எனக்கு அடுத்த வருஷம் அ, ஆ சொல்லித் தருவாராம்!

"வாபஸ் வாங்கறதா இல்ல"ன்னு சொல்லிட்டு சமையக்கட்டுக்குப் போயிட்டேன். அங்க போயி நின்னப்பறம்தான் நாளை எண்ணினேன். பண்டிகைக்கு நாலு வாரம் இருந்துச்சு. நாலு வாரத்துல குட்டு வெளிப்பட்டா அதோட சபைப் பக்கமே தலை காட்ட முடியாது. ஜெயிக்கறதெல்லாம் அப்பறம், மொதல்ல அந்த அட்டையில இருக்கறது என்ன எழுத்துன்னு தெரியணும்.

மறுநாள் ட்ரெயின்ல பேங்க் சாரைக் கேட்டேன். "சார், பழைய புதிரெல்லாம் வெச்சிருக்கீங்களா? போட்டிக்கு ஒரு தடவை பாத்துக்கணும்." அவருக்கு வாயெல்லாம் பல்லு. மனுஷன் தெனமும் அந்தக் கட்டத்தைக் கத்தரிச்சு நோட்டுல ஒட்டி வெக்கறவராம். அடுத்த நாளே மொத்த நோட்டையும் கொண்டாந்து குடுத்துட்டாரு.

மத்தியானம் கம்பெனி கேன்டீன்ல சாப்பிட்டு முடிச்சு நோட்டைத் தொறந்தேன். குலைச்சுப் போட்ட எழுத்து மேல, அதுக்குக் கீழ கட்டத்துல சார் மணி மணியா எழுதின பதில். எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. இந்தப் பதிலெல்லாம் நான் சொன்னது! என் வாயிலருந்து வந்த வார்த்தை. எந்த நாள் எந்த வார்த்தைன்னு முக்கால்வாசி எனக்கு ஞாபகம் இருக்கு. கடைசிப் பக்கத்துலருந்து ஆரம்பிச்சேன். நேத்து முதல் வார்த்தை சுண்ணாம்பு. அப்ப அஞ்சு கட்டத்துல முதல்ல நிக்கறது சு. அடுத்தது ண். அடுத்தது ணா. ஊர்ல எல்லாரும் எழுத்தை வெச்சிக்கினு வார்த்தையைத் தேடுவாங்க. நான் வார்த்தையை வெச்சிக்கினு எழுத்தைத் தேடினேன்.

முதல் வாரம் தலை சுத்துச்சு. கன்னடத்துல க-வுக்கு நாலு எழுத்து இருக்கு, தமிழ்ல ஒண்ணே ஒண்ணு. கஞ்சத்தனம்னு நெனச்சேன், அப்பறம் அதுவே வசதியாப் போச்சு. புள்ளி வெச்சா அந்த எழுத்து வாயை மூடிக்கும், அதுவும் சுலபம். ஆனா இந்தக் கொம்பு இருக்கே! கெ-ன்னு படிக்கணும், க-வைப் பாக்கறதுக்கு முன்னாலயே கொம்பு வந்து வாசல்ல நிக்குது. கொ-ன்னா முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, க-வை ரெண்டு போலீஸ்காரங்க கூட்டிக்கினு போற மாதிரி. ர-வும் காலும் ஒரே அச்சு, இதுல எது ர, எது கால்? "எவன்டா இதைக் கண்டுபுடிச்சான்"னு கேன்டீன்ல வாய்விட்டே திட்டிட்டேன். பக்கத்து டேபிள் பொண்ணு, "யாரன்ன பைத்தாயிதீரா அக்கா"ன்னு கன்னடத்துல கேட்டா. யாரையும் திட்டல, சும்னே இருன்னு சொன்னேன்.

ரெண்டாவது வாரம் முடியறப்ப ஒரு சாயங்காலம் ஊரிகம் ஸ்டேஷன்லருந்து வீட்டுக்கு நடந்து வந்துக்கினு இருந்தேன். லைன் வீட்டுச் சுவத்துல ஒரு போஸ்டர். தெனமும் பாக்கற சுவருதான். அன்னிக்கு கண்ணு தானா நின்னுச்சு. க. ண். ணீ. ர். கண்ணீர்! அ. ஞ். ச. லி. கண்ணீர் அஞ்சலி! "படிச்சிட்டேன்!"னு கத்திக் கை தட்டிச் சிரிச்சிட்டேன். அப்பறம்தான் பாத்தேன், போஸ்டருக்குப் பக்கத்துலயே சாமியானா, சேர்ல துக்கத்துக்கு வந்தவங்க பத்துப் பேர் என்னையே பாக்கறாங்க. மன்னிச்சுக்குங்கன்னு கும்பிட்டுட்டு ஓட்டமா வந்துட்டேன். செத்தவரு யாருன்னு தெரியல. அவருக்கு நான் இன்னிக்கு வரைக்கும் கடன்பட்டிருக்கேன்.

வீட்டுல மூச்சு விடல. என் வீட்டுக்காரர் ரெண்டு நாளைக்கு ஒருக்கா, "பேரை எடுத்துட்டியா?"ன்னு கேப்பாரு. நான் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமா வெப்பேன். அவரு பேப்பரை எடுத்துக்கினு போய்டுவாரு. நோட்டு என் டிபன் பையில, துண்டுக்குக் கீழ இருந்துச்சு. ட்ரெயின்ல வழக்கம்போலக் காதால விளையாடுவேன். திரும்பி வர்ற வண்டியில தனியா உக்காந்து கண்ணால விளையாடுவேன். நாலாவது வாரம் எல்லா எழுத்தும் தெரிஞ்சிடுச்சு. ஆனா வேகம் இல்ல. வெரலை வெச்சு ஒண்ணொண்ணாத்தான் போகும். ஒரு வார்த்தையை முழுசா ஒரே மூச்சுல பாக்க வரல. அதுதான் எனக்கு பயம்.

பண்டிகை அன்னிக்கு ஹால் நெறைஞ்சு கெடந்துச்சு. போட்டிக்கு எட்டுப் பேர், வரிசையா நின்னோம். நடுவுல மேசை, மேசை மேல ஒரு மணி. யாருக்குப் பதில் தெரியுதோ அவங்க ஓடி வந்து மணியை அடிச்சுச் சொல்லணும். தப்பாச் சொன்னா அந்த வார்த்தைக்கு அவங்க அவுட். சரியாச் சொன்னவங்க ஓரமாப் போய் நிக்கணும், அப்படி ரெண்டு பேர் சேந்ததும் அவங்களுக்குள்ள ஃபைனல். என் வீட்டுக்காரர் எனக்கு ரெண்டு ஆள் தள்ளி நின்னாரு. மூஞ்சி வெளிறிப் போயிருந்துச்சு. நான் அவமானப்படறதைப் பாக்கப் போறோமேன்னு அவருக்கு வேர்த்துக் கொட்டுது.

முதல் வார்த்தைக்கு அட்டையைத் திருப்பினாங்க. நான் முதல் எழுத்தைக் கூட்டி முடிக்கறதுக்குள்ள அவரு ஓடிப் போயி மணி அடிச்சு சொல்லிட்டாரு. கை தட்டல். அவரு நேரா ஃபைனலுக்குப் போயிட்டாரு. இன்னும் ஒரே ஒரு எடம்தான்.

ரெண்டாவது வார்த்தை. நாலு அட்டை. ரி. அப்பறம் ஒண்ணு, ம-வுக்குப் பக்கத்துல நிக்கறது ர-வா, காலா? கண்ணு இருட்டுச்சு. பக்கத்துல ஒரு ஆள் உதட்டை அசைச்சுக்கினு இருக்காரு. அப்பத்தான் பொறி தட்டுச்சு. ஒரு அட்டைக்கு ஒரே எழுத்து! ரெண்டு எழுத்து எப்படி வரும்? அப்ப அது கால்தான், மா! ரி, மா, அ, ல. காதுக்குள்ள போட்டுக் குலுக்கினேன். ஓடினேன். மணியை அடிச்ச அடியில அது மேசையிலருந்து விழுந்து உருண்டுச்சு.

"அலமாரி!"

ஹாலே ஹோன்னு கத்துச்சு. நர்ஸ் பொண்ணு சேர் மேல ஏறி நின்னுட்டா. நான் என் வீட்டுக்காரரைப் பாத்தேன். அவரு மூஞ்சியைப் பாக்கணுமே! கல்யாணத்தன்னிக்குக் கூட அப்படிப் பாத்ததில்ல. ஓரமாப் போயி அவரு பக்கத்துல நின்னதும் குனிஞ்சு கேட்டாரு.

"எப்படி? யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல. படிச்சேன்."

"எப்பக் கத்துக்கினே?"

"அடுத்த வருஷம்"னேன்.

ஃபைனல். கயித்துல ஆறு அட்டை. மாதர் சங்கச் செயலாளர் அம்மா ஒண்ணொண்ணாத் திருப்பினாங்க. ம், ள, ண், வா, த, ட.

நான் ம்-லருந்து வெரலால ஆரம்பிச்சேன். ள-வுக்கு வந்தேன். ண்-க்கு வந்தேன். அதுக்குள்ள என் வீட்டுக்காரர் ரெண்டே எட்டுல மேசைக்குப் போயிட்டாரு. டங்குன்னு மணி. முடிஞ்சுதுடா சாமின்னு நெனச்சேன்.

"தளவாடம்!"

நல்லா நெஞ்சை நிமித்திக்கினுதான் சொன்னாரு. சொல்லாம இருப்பாரா? ஸ்டோர்ஸ் செக்ஷன்ல இருபத்தஞ்சு வருஷமாத் தளவாடத்துக்கு நடுவுலதானே குடித்தனம். ஃபாக்டரி ஆளுங்க எல்லாம் கை தட்டிட்டாங்க. ஆனா செயலாளர் அம்மா கையைத் தூக்கினாங்க. "ஒரு எழுத்து மிச்சம் இருக்குதுங்களே."

அவரு திரும்பிப் பாத்தாரு. ண் அங்கயே தனியாத் தொங்கிக்கினு இருக்குது. படிச்ச மனுஷன், ஒரே பார்வையில ஒரு பக்கத்தை முழுங்கற ஆளு. அந்த வேகத்துல ஒரு எழுத்தையும் சேத்து முழுங்கிட்டாரு. என்னால முழுங்க முடியாது. எனக்கு ஒவ்வொண்ணும் தனித்தனியாக் கல்லு பொறுக்கற மாதிரி. எதையும் விட்டுட்டுப் போக எனக்குத் தெரியாது.

"உங்களுக்கு ஒரு நிமிஷம்"னாங்க என்னைப் பாத்து.

கண்ணை மூடினேன். எல்லாரும் பயந்துட்டதா நெனச்சிருப்பாங்க. பயமில்ல, எழுத்தைப் பாத்தாச்சு, இனிமே என் வேலை காதுல. ண் யார் பக்கத்துல போய் உக்காரும்? ட பக்கத்துல. ண்ட. முன்னாடி யாரு? வண்ட, மண்ட... வ இல்ல, ம இல்ல. த இருக்கு. தண்ட. மிச்சம் வா, ள, ம். நான் தெனமும் காலையில தாண்டிப் போயி ப்ளாட்பாரம் ஏறுறேனே!

கண்ணைத் தொறந்து மேசை வரைக்கும் நிதானமாவே நடந்தேன். மணியை ஒரே ஒரு தட்டு.

"தண்டவாளம்."

அதுக்கப்பறம் என்ன நடந்துச்சுன்னு எனக்கே சரியாத் தெரியாது. யாரோ தூக்கினாங்க, யாரோ கன்னத்தைக் கிள்ளினாங்க, "கேஜ் ஏறிடுச்சு!"ன்னு நர்ஸ் பொண்ணு தொண்டை கிழியக் கத்தினா. என் வீட்டுக்காரர் எல்லாருக்கும் முன்னாடி என் கையைப் புடிச்சுத் தூக்கி, "என் பொண்டாட்டி! என் பொண்டாட்டி!"ன்னு சொல்லிக்கினே இருந்தாரு, தோத்தவருன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. நாலடுக்கு டிபன் கேரியர் என் கைக்கு வந்துச்சு. எனக்குச் சந்தோஷத்துல அழுகை முட்டிக்கினு வந்துச்சு, அழுதேன்.

செயலாளர் அம்மா மைக்கை என் வாய் கிட்ட நீட்டினாங்க. "இவ்ளோ திறமையை வெச்சிக்கினு வெளியவே காட்டலையேம்மா! சின்ன வயசுலருந்தே தமிழ்ப் புஸ்தகம் நெறைய படிப்பீங்களா?"

ஆமாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். குட்டு எந்தக் காலத்துலயும் வெளிய வராது. இப்பத்தான் எழுத்தும் தெரியுமே, இனிமே யாரு கண்டுபுடிக்கப் போறாங்க? என் வீட்டுக்காரர் கூட ஆமான்னு சொல்லுன்னு கண்ணால ஜாடை காட்டினாரு. ஆனா எனக்கு மனசு ஒப்பல. நாலு வாரம் கேன்டீன்ல உக்காந்து ஒரு பாஷையைப் புடிச்சிருக்கேன். அதைச் சொல்லாம, சின்ன வயசுலருந்தே தெரியும்னு சொன்னா நான் ஜெயிச்சது பாதியாக் கொறைஞ்சிடாதா?

"இல்லிங்க"ன்னேன். "நாலு வாரத்துக்கு முன்னாடி வரைக்கும் எனக்குத் தமிழ்ல ஒரு எழுத்து கூடப் படிக்கத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமா இங்க பைபிளைத் தொறந்து வெச்சிக்கினு உங்க எல்லார் முன்னாடியும் நடிச்சேன். இப்ப தெரியும். மெதுவாத்தான் வரும், ஆனா எல்லா எழுத்தும் தெரியும்."

மைக் மட்டும் கொர்ருன்னுது. வாய் ஜாஸ்தின்னு சொன்னவங்க சொன்னது சரிதான்னு நெனச்சேன்.

அப்ப பாடகர் குழுவுலருந்து தலைவர் எழுந்தாரு. வருஷக் கணக்கா சபையில பாட்டு நடத்தறவரு. கையில இருந்த பாட்டு நோட்டை விரிச்சு எங்க பக்கம் திருப்பிக் காட்டினாரு. எல்லாப் பாட்டும் தமிழ்ப் பாட்டு, எல்லாம் கன்னட எழுத்து. "எனக்கும் தெரியாதும்மா"ன்னாரு. அவருக்குப் பின்னால ஒரு பெரியம்மா கையைத் தூக்கினாங்க. அப்பறம் ஃபாக்டரி ஆளுங்க வரிசையில ரெண்டு பேர். அப்பறம் ஜன்னலோரம் ஒரு குடும்பமே. எனக்கு மொதல்ல கோவம்தான் வந்துச்சு. அடப்பாவிங்களா, நான் யாருக்குப் பயந்து இத்தினி வருஷம் ஒளிச்சேனோ அவங்களும் எனக்குப் பயந்து ஒளிச்சிக்கினு இருந்திருக்காங்க! அதை மைக்லயே சொல்லிட்டேன். ஹால் முழுக்க ஒரே சிரிப்பு.

திரும்பி நர்ஸ் பொண்ணைப் பாத்தேன். இன்னும் சேர் மேலதான் நின்னுக்கினு இருந்தா. சிரிக்கல. அவளும் கையைத் தூக்கி வெச்சிருந்தா.

"அடிப்பாவி! நீயுமா?"

"ஆமாக்கா"ன்னா. கண்ணு தளும்பிடுச்சு. "தெனமும் பக்கத்துல உக்காந்து பாப்பேன். எனக்குத் தெரியாததை நீங்க அவ்ளோ சுலபமா செய்றீங்களேன்னுதான் உங்க பேரைக் குடுத்தேன்."

நான் கேரியரை மேசை மேல வெச்சிட்டுப் போயி அவளைச் சேர்லருந்து எறக்கினேன்.